எச்சரிக்கை மாணவருக்கு மட்டும்தானா?

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரி ஒன்றில் இளநிலைப் படிப்பில் சேரும் மாணவர் முதல் பருவத்தில் எல்லாத் தாளிலும் தோற்றாலும் இரண்டாம் பருவத்துக்குப் போகலாம். அதிலும் தோற்றால் மூன்றாம் பருவம் காத்திருக்கிறது. தேர்ச்சி பெற்றாலும் பெறாவிட்டாலும் இறுதிப் பருவம் வரை தடையின்றிச் செல்லலாம் என்பது நம் பல்கலைக்கழகங்களில் நெடுநாளாக உள்ள விதி. நன்றாகப் படிக்கக்கூடிய இன்னொரு மாணவர், பருவத்தின் 90 வேலை நாட்களில் 36 நாள் வகுப்புக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது. மதிப்பெண்ணில் விழுந்தவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வருகையில் விழுந்தவரை எதுவும் கேட்காமலே நிறுத்திவிடுகிறோம். தடுமாறும் மாணவருக்கு நம் உயர்கல்வி வைத்திருக்கும் ஏற்பாடு ஏறத்தாழ இவ்வளவுதான்.

ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் இடையே இருக்கும் திமிரி போன்ற ஊரில் இந்த விதிகள் யார் தலையில் இறங்குகின்றன என்பதை ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வாலாஜாபேட்டை அரசு மகளிர் கல்லூரி, மேல்விஷாரம், செய்யாறு, வேலூர் என்று இந்த வட்டாரப் பிள்ளைகள் பேருந்து மாறிப் போய்ப் படிக்கிறார்கள். அதே சாலைகளில்தான் ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் செய்யாறு சிப்காட்டுக்கும் ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. தாய் ஷூ கம்பெனியில் தைக்கிறார், மகள் பி.காம். படிக்கிறார் என்பது இங்கே சாதாரணமான குடும்பச் செய்தி. வீட்டில் கடன்காரர் வந்து நின்றால் மகளும் சில வாரம் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டியதாகிறது. பையன்கள் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள்; மற்ற நாட்களில் டெலிவரி, லோடு இறக்குவது என்று ஏதாவது ஒன்று. கல்லூரிப் பதிவேட்டில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: ‘ஆப்சென்ட்’.

22 நாள் கணக்கு

வருகைக்கான விதி பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒரே மாதிரிதான். 75 சதவீத வருகை வேண்டும். 65 முதல் 75 சதவீதத்துக்குள் இருந்தால் ‘கண்டனேஷன்’ கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். 50 முதல் 65 சதவீதத்துக்குள் இருந்தால் இந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. அடுத்த பருவத்தில்தான் எழுத வேண்டும். அதற்கும் கீழே போனால் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும்.

90 நாள் பருவத்தில் இதன் பொருள், ஒருவர் 22 நாள் வரை வராமல் இருக்கலாம் என்பது. வாரத்துக்கு ஒரு நாள் வேலைக்குப் போகும் மாணவர் 18 வாரத்தில் 18 நாளை இழந்துவிடுகிறார். மிச்சமிருப்பது நான்கு நாள். ஒரு காய்ச்சல், ஊர்த் திருவிழா, உறவில் ஒரு சாவு என்று வந்தால் அந்த நான்கும் கரைந்துபோகும். வாரத்துக்கு இரண்டு நாள் வேலைக்குப் போகிறவர் 36 நாளை இழக்கிறார். பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே, இவர் இந்தத் தேர்வை எழுதப்போவதில்லை என்று எந்த ஆசிரியரும் கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியும். ஆனால் மாணவருக்கு அது தெரியவருவது கடைசியில், அறிவிப்புப் பலகையில் ‘ஷார்ட்டேஜ்’ பட்டியல் ஒட்டும் நாளில்.

மருத்துவச் சான்று கொடுத்தால் கல்லூரி பரிசீலிக்கிறது. என்.சி.சி. முகாமும் விளையாட்டுப் போட்டியும் ‘ஓ.டி.’ ஆகிவிடுகின்றன. வேலைக்குப் போனேன் என்பது மட்டும் காரணமாகவே கருதப்படுவதில்லை. கண்டனேஷன் கட்டணத்தின் நியாயமும் விளங்கவில்லை. வகுப்பில் இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால், பணம் கட்டினால் மட்டும் இழந்த பாடம் எப்படித் திரும்பி வரும்? காசுக்காக வகுப்பைத் தவறவிட்டவரிடமே அந்தக் காசில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குவதற்கு ஒழுங்குமுறை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அரியர் எப்படிச் சேர்கிறது?

மதிப்பெண் பக்கம் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே விதி தாராளமானது. அந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஆள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர் பி.சி.ஏ.விலோ பி.காமிலோ சேர்ந்ததும் பாடநூல், வகுப்பு, வினாத்தாள் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகின்றன. 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் மாணவர் தம் மொழியில் தேர்வு எழுத அனுமதிக்கலாம் என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. எழுத அனுமதிப்பது எளிது. கணினி நிரலையும் செலவுக் கணக்கியலையும் தமிழில் படிக்கப் புத்தகம் கிடைப்பதுதான் அரிது.

இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்ற முறையில், எக்ஸ்டர்னலில் 30 எடுத்தாக வேண்டும். முதல் பருவத்தில் ஆங்கிலமும் துணைப்பாடக் கணிதமும் ‘கப்பு’ ஆகின்றன. இரண்டாம் பருவத்தில் அந்த இரண்டோடு புதிதாக மூன்று. நான்காம் பருவத்தில் அவர் நடப்புத் தாள்களைப் படிப்பதா, பழைய தாள்களைக் ‘கிளியர்’ செய்வதா என்று தெரியாமல் இரண்டையும் விடுகிறார். கணிதத்தில் முதல் தாளே புரியாதவர் அதன் தொடர்ச்சியான இரண்டாம் தாளில் உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் பயனில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் தாளுக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

மூன்றாண்டு முடிவில் அவர் ‘கோர்ஸ் முடித்தவர்’, பட்டதாரி அல்லர். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. குரூப் 4 எழுதலாம், அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பனப்பாக்கம் சிப்காட்டில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டபோது இந்த மாவட்டத்து இளைஞர்கள் பெரிதாக நம்பினார்கள். அப்படிப்பட்ட ஆலைகளின் அலுவலக வேலைக்கு முதலில் கேட்கும் கேள்வி ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கிறதா?’ என்பது. இருக்கிறது என்றால் மூன்றாண்டுப் படிப்பு கணக்கில் வராது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கம்பெனிக்குப் போனவரின் பக்கத்தில்தான் அவரும் போய் நிற்க வேண்டும், மூன்றாண்டு தாமதமாக.

உயர்கல்வி மாணவர் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது என்று 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி 28.4 சதவீதம். பெருமைப்பட வேண்டிய எண்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் கொடுத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆனால் 47 என்பது உள்ளே வந்தவர்களின் கணக்கு. பட்டத்தோடு வெளியே போனவர்களின் கணக்கு வேறு. அதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

வெளியே என்ன செய்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘அகாடமிக் புரொபேஷன்’ என்றொரு நடைமுறை உண்டு. நான்கு புள்ளி அளவில் சராசரி 2.0க்குக் கீழே போனால் மாணவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். குறிப்பிட்ட காலத்துக்குள் மீளாவிட்டால் இடைநீக்கம். நம் நாட்டில் ஐ.ஐ.டி.கள் இதைப் பின்பற்றுகின்றன. கான்பூரில் எச்சரிக்கை, புரொபேஷன், நீக்கம் என்று படிப்படியான ஏற்பாடே இருக்கிறது. இது கண்டிப்பான முறை. ஒரு நல்ல அம்சமும் இதில் உண்டு: மாணவர் தடுமாறுகிறார் என்பதை நிறுவனம் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒப்புக்கொண்டாக வேண்டும். நம் கலைக் கல்லூரிகளில் அப்படி ஒரு நாளே இல்லை.

கண்டிப்பு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐ.ஐ.டி. ரூர்க்கி சாட்சி. 2015 ஜூலையில், முதலாண்டு முடிவில் சி.ஜி.பி.ஏ. 5க்குக் கீழே இருந்த 73 மாணவர்களை அந்த நிறுவனம் வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் இடஒதுக்கீட்டுப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு, முதலாண்டை மீண்டும் படிக்க அவர்களுக்கு ஒரு வாய்ப்புத் தரப்பட்டது. நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வில் தேறி வந்தவர்கள் ஓராண்டில் தகுதியற்றவர்களாகிவிட்டார்கள் என்றால், அந்த ஓராண்டில் நிறுவனம் என்ன செய்தது என்று யாரும் அதனிடம் கணக்குக் கேட்கவில்லை.

எச்சரிக்கைக் கடிதத்தின் விளைவை அளந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது. கனடாவின் பல்கலைக்கழகம் ஒன்றில், புரொபேஷன் எல்லைக்கு மயிரிழை மேலே இருந்தவர்களையும் மயிரிழை கீழே இருந்தவர்களையும் ஒப்பிட்டு ஜேசன் லிண்டோ உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எச்சரிக்கைக்குப் பிறகும் படிப்பைத் தொடர்ந்தவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் சிலர், குறிப்பாக ஆண் மாணவர்கள், கடிதத்தைப் பார்த்ததும் கல்லூரிக்குத் திரும்பவே இல்லை. திமிரியில் அந்தக் கடிதம் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போவதாக எண்ணிப் பாருங்கள். ‘படிப்பு ஏறவில்லை’ என்ற முடிவுக்கு வீடு ஒரே இரவில் வந்துவிடும். அடுத்த வாரம் கம்பெனி வேலையோ மாப்பிள்ளை பார்ப்பதோ தொடங்கிவிடும். எச்சரிக்கையை அஞ்சலில் அனுப்பிவிட்டுக் கல்லூரி கை கழுவினால், அது படிப்பை நிறுத்தச் சொல்லும் உத்தரவாகவே வீட்டில் வாசிக்கப்படும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் வேறொரு வழியைத் தொடங்கியது. அதன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் படிக்கும் ஏழை மாணவர்களுக்கான அந்தத் திட்டத்தின் பெயர் ‘அசாப்’. மாணவர் முழு நேரமும் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும், பயிற்சி வகுப்புக்கு வர வேண்டும் என்று கண்டிப்பான நிபந்தனைகள். அதற்கு ஈடாகக் கல்லூரி கட்டணப் பற்றாக்குறையை ஈடுகட்டும், புத்தகத்துக்கு உதவும், பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் பயண அட்டை தரும். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய மதிப்பீட்டில், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்றாண்டில் பட்டம் பெற்றார்கள். இல்லாதவர்களில் 22 சதவீதம் பேர். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கூடியது. ஒரு பட்டதாரியை உருவாக்க ஆகும் செலவு குறைந்தது. நிபந்தனை இரு தரப்புக்கும் இருந்ததால் கிடைத்த பலன் இது.

நம் ஊரில் ஊசலாட்டம்

தமிழ்நாட்டில் நாம் கண்டிப்புக்கும் கருணைக்கும் இடையே ஊசலாடுகிறோம். அண்ணா பல்கலைக்கழகம் 2017 விதிமுறையில் அரியர் தாளை உடனடியாக அடுத்த பருவத்தில் எழுத முடியாதபடி இறுக்கியது. 2019 தொடக்கத்தில் மாணவர்கள் போராடினார்கள், பல்கலைக்கழகம் தளர்த்தியது. கரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 26 அன்று, தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊரெங்கும் வாழ்த்துச் சுவரொட்டிகள் முளைத்தன. ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி வழக்குத் தொடுத்தார், ஏதேனும் ஒரு வகையில் தேர்வு நடத்தியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டின் இறுதியில், இருபதாண்டுப் பழைய அரியர்களையும் 5,000 ரூபாய் கூடுதல் கட்டணத்தில் எழுதலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அளித்தது.

இருபதாண்டு கழித்து ஒரு தாளைக் ‘கிளியர்’ செய்ய வாய்ப்புத் தருவது நல்ல மனம்தான். முதல் ஆறு மாதத்தில் ஓர் ஆசிரியர் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அதற்குத் தேவையே வந்திருக்காது. இறுக்கியபோதும் தளர்த்தியபோதும் பேச்சு முழுவதும் தேர்வைப் பற்றியே இருந்தது. கற்பித்தலைப் பற்றி எந்தத் தரப்பும் வாய் திறக்கவில்லை.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ‘நாக்’ தரமதிப்பீட்டுக்காக ஒவ்வொரு கல்லூரியும் மெதுவாகக் கற்போர் யார், அவர்களுக்கு என்ன செய்தோம் என்று அறிக்கை தருகிறது. ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தையும் எழுதுகிறது. கோப்பு அழகாக இருக்கும். குழு வந்து பார்த்துவிட்டுப் போகும். பட்டியலில் தம் பெயர் இருப்பது பல இடங்களில் மாணவருக்கே தெரியாது. ஆசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளின் பெரும் பகுதி வகுப்புகளைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஆண்டுக்கு 11 மாதமே அவர்களுக்குச் சம்பளம். அடுத்த ஆண்டு தாம் இருப்போமா என்று தெரியாதவரிடம், மாணவரின் மூன்றாண்டுக்குப் பொறுப்பேற்கச் சொல்வது எந்த வகை நியாயம்?

விதி எப்படி இருக்க வேண்டும்?

நமக்குத் தேவை, கல்லூரியையும் கட்டுப்படுத்தும் ஒரு கண்காணிப்புப் பருவம். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கிவைக்கலாம். 2002இல் உருவான அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்தான் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்ற தோல் தொழில் வட்டாரம் முழுவதும் வருகிறது. வேலை செய்துகொண்டே படிக்கும் மாணவரை அதற்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

முதலாவதாக, அறிவிப்பு முன்கூட்டியே வர வேண்டும். வராத நாள் பத்தைத் தொட்டதும், முதல் இன்டர்னல் தேர்வில் தவறியதும் வழிகாட்டி ஆசிரியர் மாணவரை அழைத்துப் பேச வேண்டும். வீட்டுக்குக் கடிதம் போகுமுன் மாணவரோடு நேர்ப்பேச்சு நடந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக, முதல் பருவத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தாளில் தவறியவர் கண்காணிப்புப் பருவத்துக்குள் வர வேண்டும். முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் மாணவர், வழிகாட்டி ஆசிரியர், துறைத் தலைவர் மூவரும் உட்கார்ந்து எந்தத் தாளை முதலில் எழுதுவது, எதைத் தள்ளிவைப்பது என்று எழுதி ஒப்பமிட வேண்டும். கூடுதல் கட்டணமின்றிக் குறைந்த தாள்களோடு ஒரு பருவத்தைக் கடக்க அனுமதி வேண்டும். கல்லூரி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் குறைதீர் வகுப்பு நடத்தும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, கண்டனேஷன் கட்டணத்தை ஒழிக்க வேண்டும். வேலைக்குப் போவதை ஒப்புக்கொள்ளத்தக்க காரணமாக ஏற்று, குறையும் நாட்களை ஈடுசெய்யும் வகுப்புகளால் நிரப்ப வேண்டும். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரிகளில் ஷிப்ட் மாறிக்கொள்ள வழி இருக்க வேண்டும். இது புதிய சிந்தனை அல்ல. வருகைக் குறைவால் தேர்வு எழுத முடியாமல் 2016இல் உயிரை மாய்த்துக்கொண்ட சட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில், வருகைக் குறைவுக்காக எந்தச் சட்ட மாணவரையும் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என்றது. வாரந்தோறும் வருகை நிலவரத்தை அறிவிப்பது, குறைந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்துவது என்று கல்லூரிக்கும் கடமைகளை வகுத்தது. சட்ட மாணவருக்குப் பொருந்தும் நியாயம் பி.எஸ்.சி. மாணவிக்கும் பொருந்தும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. உதவியதற்கான பதிவு கல்லூரியிடம் இல்லையென்றால், எந்த மாணவரையும் தேர்விலிருந்தோ படிப்பிலிருந்தோ நிறுத்தக் கூடாது. கண்காணிப்பில் இருந்தார் என்ற குறிப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறக் கூடாது. உதவித்தொகையை நிறுத்தவும் அது காரணமாகக் கூடாது. அதே நேரத்தில் மாணவருக்கும் கடமை உண்டு. ஒப்பமிட்ட வகுப்புக்கு வராதவர், இரண்டு பருவம் உதவி கிடைத்தும் அசையாதவர், அந்தப் பருவத்தைத் திரும்பப் படிக்கத்தான் வேண்டும். அதில் இரக்கம் காட்டுவது அவருக்கே செய்யும் கேடு.

இதற்கெல்லாம் ஆளும் பணமும் எங்கே என்று கேட்பார்கள். கௌரவ விரிவுரையாளர்களுக்குச் சம்பளம் இல்லாத பன்னிரண்டாவது மாதம் ஒன்று இருக்கிறதே, அங்கிருந்து தொடங்கலாம். மே மாதம் அரை நாள் வீதம் முதலாண்டு மாணவர்களுக்குக் குறைதீர் வகுப்பு நடத்தி, அந்த மாதச் சம்பளத்தை அவர்களுக்குக் கொடுங்கள். அரை நாள் என்றால் மாணவர் மீதி நேரம் வேலைக்கும் போகலாம். தரம் கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கும் ஒரு பதில்: இங்கே தேர்ச்சி மதிப்பெண்ணில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. அந்த 30 மதிப்பெண்ணை எடுக்கக் கற்றுக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இறுதியாக, உயர்கல்வித் துறை ஒரு கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் மூன்றாண்டுக்கு முன் சேர்ந்த 100 பேரில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் அரியரோடு நிற்கிறார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள் என்பது அந்தக் கணக்கு. ஜூன் மாதம் சேர்க்கை விளம்பரம் வரும்போது அதன் பக்கத்திலேயே இதுவும் அச்சாகட்டும். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். அதற்குப் பதில் சொல்ல முடியாத கல்லூரிக்கு, வருகை குறைந்தது என்று ஒரு மாணவரைத் தேர்வு அறை வாசலில் நிறுத்தும் உரிமை இல்லை.